முகத்துவாரத் திட்டில் உன் அப்பாவும் நானும்

அந்துவான் கண்ணு,

இங்கே எல்லோரும் சுகம். வழக்கத்துக்காக எழுதும் சுகம் இல்லை இது, நிஜமாகவே சுகம். உன் அப்பா கூடத்தில் கால் மேல் கால் போட்டுக்கொண்டு ஏதோ பட்டாளத்துப் பாட்டைப் பாடிக்கொண்டிருக்கிறார். சுருதி சேரவில்லை, போகட்டும். நீ சைகோனுக்குப் போன இந்த மூன்று வருடமாக வீட்டிலிருந்து உனக்கு வந்த கடிதம் எல்லாம் என் கையெழுத்துதான் என்று உனக்குத் தெரியும். ஜெர்மன் சண்டையில் வலது கையின் மூன்று விரலைப் பிரான்சு தேசத்து மண்ணில் விட்டுவிட்டு வந்தவர் அவர். பேனாவைப் பிடித்தால் ஒரு வரி எழுதுவதற்குள் வியர்த்துவிடும். அவர் சொல்லுவார், நான் எழுதுவேன், அடியில் 'உன் அப்பா' என்று போடுவேன். இந்தக் கடிதத்தை யாரும் சொல்லி நான் எழுதவில்லை. இது முழுக்க என் பேரில் உன் அம்மா எழுதுவது. உட்கார்ந்து படி. முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் கல்யாணத்துக்கு மாட்டேன் என்று சொன்னது உன் அப்பா இல்லை, நான்.

ஆறு மாதத்துக்கு முன் நீ எழுதினாய், சைகோனில் அந்த ஊர் அன்னாமியப் பெண் ஒருத்தியைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறேன் என்று. நாங்கள் இருவரும் பத்திரம் எழுதும் நொத்தேர் முன்னால் கையெழுத்துப் போட்டுச் சம்மதப் பத்திரம் அனுப்பினால்தான் அங்கே நகரசபை மெரியில் கல்யாணத்தைப் பதிவார்கள் என்றும் எழுதியிருந்தாய். உன் அப்பா அதைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சம்மதம்னு எழுதுடி. புள்ளைக்குப் புடிச்சிருக்கு, நமக்கு இன்னா?" என்றார். நான் பேனாவை எடுத்தேன். எடுத்து, 'இந்தச் சம்பந்தத்துக்கு நான் உயிரோடு இருக்கும்வரை கையெழுத்துப் போட மாட்டேன்' என்று எழுதி, அடியில் 'உன் அப்பா' என்று போட்டு, உறையை ஒட்டி, நானே தபாலில் சேர்த்துவிட்டு வந்தேன். வரும் வழியில் பெரிய மார்க்கெட்டில் கீரை வாங்கினேன். அவ்வளவு நிதானமாகச் செய்தேன் என்பதற்காகச் சொல்கிறேன். அவர் மறுத்தால் நீ அடங்குவாய், நான் மறுத்தால் கெஞ்சிக் கெஞ்சி என்னைக் கரைத்துவிடுவாய் என்று கணக்குப் போட்டேன். என் கணக்கு உனக்குத் தெரியாதா, சின்ன வயதில் உனக்கு விளக்கெண்ணெய் கொடுக்கும்போதும் 'அப்பாதான் கொடுக்கச் சொன்னார்' என்பேனே.

அதற்கு நீ போட்ட பதில் போன மாதம் வந்தது. மேலே 'அன்புள்ள அப்பா' இல்லை. 'ஐயா' என்று ஆரம்பித்திருந்தாய். சண்டைக்குப் போய்ப் பாதி உலகம் பார்த்த மனுஷன் இவ்வளவு குறுகிய மனசுக்காரரா என்று கேட்டிருந்தாய். இனி உங்களுக்கு எழுத மாட்டேன் என்று முடித்திருந்தாய். உன் அப்பா அதை ஒரு தடவை படித்தார், அப்புறம் இன்னொரு தடவை. பிறகு என் முகத்தைப் பார்த்தார். நான் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன், தலையை நிமிர்த்தவில்லை. அவர் கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கத்தவில்லை. கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "வைத்திக்குப்பம் வரைக்கும் போய்ட்டு வரேன். ஒரு படகு பேசணும்," என்றார். எனக்கு மூச்சு வாங்குகிறதே என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன் அல்லவா, கடல் காற்றுக்காக முகத்துவாரத் திட்டில் ஒரு நாள் தங்கி வரலாம் என்றார். கல்யாணமாகி இருபத்தைந்து வருடத்தில் என்னை உல்லாசமாக எங்கும் அழைத்துப் போகாத மனுஷன்! அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

நீ அந்தத் திட்டைப் பார்த்ததில்லை. ஊருக்குத் தெற்கே ஆறு கடலில் விழும் இடத்தில், நடுவே மணல் மேடிட்டுத் தென்னந்தோப்பாக நிற்கிறது. நம் பாட்டன்மார் காலத்துக்கும் முன்னே இங்கிலீஷ்காரன் நம் ஊரை முற்றுகை போட்டபோது அங்கேதான் பீரங்கி ஏற்றினானாம். பிறகு பிரெஞ்சுக்காரன் பிடித்தானாம், திரும்ப அவன், திரும்ப இவன். உன் அப்பா படகில் உட்கார்ந்து கையை வீசி வீசி அந்தச் சண்டையை நேரில் பார்த்தவர் மாதிரி விளக்கிக்கொண்டே வந்தார். படகுக்காரன் துடுப்பை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்து கேட்டான். நான்தான், "சண்டைய அப்பறம் பாத்துக்கலாம், படகு கடலுக்குப் போவுது பாருங்க," என்று சத்தம் போட வேண்டியதாயிற்று.

வியாழக்கிழமை கிளம்புவதாக இருந்தது. அதற்காக முந்தின நாளே ஆட்டுக்கறி வறுவலும் கட்லெட்டும் செய்து கூடையில் கட்டிவிட்டேன். காற்று சரியில்லை, நாளைக்குப் போகலாம் என்று படகுக்காரன் சொல்லிவிட்டான். கறியைச் சூடு பண்ணி அதே கூடையில் வைத்தேன், மறுநாள் கிளம்பினோம். திட்டில் இறங்கித் தென்னை நிழலில் துணியை விரித்து, ரொட்டியைப் பிய்த்து, வறுவலைத் திறந்து, நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்ளக் கையை உயர்த்திய நொடியில்தான் எனக்கு உறைத்தது. வெள்ளிக்கிழமை! சுத்தபோசன நாள்! நான் அறிய எந்த வெள்ளியிலும் நம் வீட்டு அடுப்பில் கறி ஏறியது கிடையாது. "ஐயோ மாதாவே," என்று தட்டை மூடினேன். உன் அப்பா கட்லெட்டைப் பாதி வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே நின்றார்.

"சண்டையில நாங்க வெள்ளிக்கெழமல்லாம் பாக்கல. சாமியாரே சாப்பிடச் சொல்லிட்டாரு."

"இது இன்னா சண்டையா?"

"ஆமா," என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்கு அப்போதும் புரியவில்லை. கடைசியில் கூடை முழுவதையும் படகுக்காரனிடம் கொடுத்துவிட்டோம். அவன் நம் வேதம் இல்லை, அவனுக்கு எல்லாக் கிழமையும் ஒன்றுதான். கரையில் குந்தி எலும்பைக்கூட விடாமல் சாப்பிட்டான். கட்லெட்டில் ஒன்றைக் மூக்கருகில் வைத்து முகர்ந்து, "இது இன்னா வடை மதாம், இவ்ளோ நல்லா கீது," என்றான். பிறகு, நாளைச் சாயங்காலம் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். நாங்கள் வெறும் ரொட்டியை மென்றுகொண்டு உட்கார்ந்திருந்தோம். எனக்குப் பசியில் கோபம் வருமே, வந்தது. உன் அப்பாவைப் பார்த்து என்னென்னவோ சொன்னேன். அவர் கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கி நண்டு பிடிக்கப் போனார். விரல் இருக்கிற கையை நண்டு கடித்துவிட்டது. இல்லாத விரலைக் கடிக்க வேண்டியதுதானே என்று அதனோடு வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார். நான் எவ்வளவு அடக்கியும் சிரித்துவிட்டேன். நானும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினேன். கணுக்கால் வரையில்தான். ஆனாலும் இறங்கினேன். காலடியில் மணல் நழுவும்போது வயிற்றில் ஒரு கூச்சம் வருகிறதே, சிறு பெண்ணாக இருந்தபோது அனுபவித்தது. எப்போது மறந்தேன் என்று தெரியவில்லை.

அந்தச் சமயம் தோப்புக்குள்ளிருந்து ஒரு பெண் வந்தாள். தோப்புக் காவல்காரனின் மனைவி என்று உன் அப்பா சொன்னார். கறுப்புப் பட்டுப்போல நேரான மயிர், சின்னக் கண், புடவையைக் குப்பத்துப் பெண்கள் மாதிரி ஏற்றிக் கட்டியிருந்தாள். பார்த்தவுடனே தெரிந்துவிட்டது, அன்னாமியப் பெண். உன் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் நண்டை மிகவும் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பெற்ற பிள்ளைக்காகப் பெண்டாட்டியை முற்றுகை போட்டிருக்கிறார், அதுவும் முற்றுகை போட்டுப் பழக்கப்பட்ட இடமாகப் பார்த்து! எனக்குக் காது மடல் சூடாகிவிட்டது. படகு இருந்திருந்தால் அந்த நிமிஷமே திரும்பியிருப்பேன். படகும் இல்லை, சோறும் இல்லை. எனக்குத் தெரிந்த கான்வென்ட் பிரெஞ்சை எல்லாம் திரட்டி, கையால் மீன் மாதிரி நெளித்துக் காட்டி, மெதுவாக, உரக்க, விலைக்கு மீன் கிடைக்குமா என்று கேட்டேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னா மதாம், வெள்ளிக்கெழமையில கறியக் கட்டிக்கினு வந்துட்டீங்களாமே? படகுக்காரன் சொல்லிட்டுப் போறான். நல்ல கிறிஸ்தவங்க! வாங்க, மடவ மீனு சுட்டுக்கினு கீறேன்," என்றாள்.

உன் அப்பா தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டார், சிரிப்புத் தாங்காமல். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவளும் நம் வேதம், சைகோனிலேயே ஞானஸ்நானம் பெற்றவள். வெள்ளிக்கிழமை தவறியதில்லையாம். ஞாயிறு தவறாமல் அக்கரைக் குப்பத்துக் கோவிலுக்குப் படகில் போவாளாம். குப்பத்தில் எல்லோரும் அவளைச் சைகோனம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

அவள் குடிசைக்கு முன்னால் அந்தக் காலத்துப் பீரங்கி ஒன்று பாதி மணலில் புதைந்து கிடக்கிறது. அதன் வாய்க்குள் வைக்கோல் திணித்து வைத்திருக்கிறாள், கோழி அதற்குள்தான் முட்டையிடுகிறது. அதன் முதுகில் நான் உட்கார்ந்துகொண்டு அவள் மீன் சுடுவதைப் பார்த்தேன், சும்மா பார்க்கவில்லை, குறை சொல்லிக்கொண்டே பார்த்தேன். புளி போதாது என்றேன். புளி போட்டால் மீன் எதற்கு, புளியையே தின்னலாமே என்றாள். ஏதோ மீன் உப்புத் தண்ணீர் வைத்திருந்தாள், வாடை ஒரு மைல் அடித்தது. அதில் ஒரு சொட்டு என் சோற்றில் விட்டாள். கண்ணு, உன்னிடம் மறைக்க முடியாது, மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். நாங்கள் இரண்டு பேரும் அடுப்பைச் சுற்றி வழக்காடிய சத்தத்தில் உன் அப்பா தென்னையடியில் நிம்மதியாகத் தூங்கிவிட்டார்.

சாப்பிட்டு முடித்து, இலையை எறிந்துவிட்டு வந்து, நீங்கள் ஊரில் எந்தத் தெரு என்று கேட்டாள். சொன்னேன். "நாலாவது வூடு தெரேசம்மா வூடு. அவங்க எம் மாமியாரு," என்றாள்.

நீ சின்னவனாக இருந்தபோது உனக்குக் கொய்யாப்பழம் கொடுப்பாரே, அதே தெரேசம்மாள்தான். அவர் மகன் சவரிமுத்து உன் அப்பாவோடு சண்டைக்குப் போன சொல்தா. சண்டை முடிந்து சைகோனில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு, பத்து வருடத்துக்கு முன் ஓர் அன்னாமியப் பெண்ணைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்தான். தெரேசம்மாள் கதவைத் திறக்கவில்லை. அவர்கள் இருவரும் தகரப் பெட்டியோடு வெயிலில் மத்தியானம்வரை நின்றுவிட்டுப் போனதை நான் சன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தேன். திரும்பச் சைகோனுக்கே போய்விட்டார்கள் என்று தெருவில் பேசிக்கொண்டோம். அரை மைல் தண்ணீருக்கு அப்பால்தான், தோப்புக் காவல் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். தெரேசம்மாள் போன வருடம் போய்ச் சேர்ந்தார் அல்லவா, அந்தச் செய்திகூட அடக்கம் முடிந்த பிறகுதான் திட்டுக்கு வந்ததாம். "மூஞ்சியக்கூடக் காட்டல. நா ஒரு நாளும் அவங்களத் திட்டினதில்ல மதாம். கதவு தெறந்திருந்தா காலப் புடிச்சு உட்டிருப்பேன், அவங்களுக்குக் கால் வலியாமே," என்றாள்.

எனக்கு மட்டும் தெரிந்த ஒன்றை இப்போது உனக்கும் சொல்கிறேன். கதவு சாத்திய அந்த வாரம், ஞாயிறு பூசை முடிந்து கோவில் வாசலில் தெரேசம்மாள் அழுதுகொண்டு நின்றார். மனசு இளகிவிட்டது, போய்க் கூப்பிட்டுவரட்டுமா என்று என்னைத்தான் கேட்டார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க செஞ்சதுதான் சரி அக்கா. இப்ப எறங்கி வந்தா அப்பறம் வீடு உங்க வீடா இருக்காது," என்றேன். அதற்குப் பிறகு அவர் யாரையும் கேட்கவில்லை.

பீரங்கி மேல் உட்கார்ந்துகொண்டு இதைச் சைகோனம்மாவிடம் சொல்லிவிட்டேன். சொல்லாமல் அவள் சோறு என் வயிற்றில் தங்காது போல இருந்தது. அவள் எழுந்து தோப்புக்குள் போய்விட்டாள். சாயங்காலத்துக்கென்று அடுப்பில் இன்னும் இரண்டு மீன் கிடந்தது. கருகிவிடுமே என்று நான் இறங்கிப் போய்த் திருப்பிப் போட்டேன். புகை கண்ணில் பட்டது. வெகு நேரம் கழித்துக் கண்ணும் முகமும் சிவந்து வந்தாள். அடுப்பைப் பார்த்தாள்.

"கருக்கிட்டியா?"

"இல்ல."

"எங்கிட்ட இன்னாத்துக்குச் சொல்ற? என் கத முடிஞ்சு போச்சு. உங்க வூட்டு சொல்தா முன்னமே வந்து உன் புள்ள கதயெல்லாம் சொன்னாரு. உன் புள்ள கட்டிக்கப்போற பொண்ணு பேரு இன்னா, அதச் சொல்லு."

கண்ணு, எனக்குத் தெரியவில்லை. நீ எழுதியிருந்தாய்தான். அன்னாமியப் பெண் என்ற வார்த்தை வரைக்கும் படித்துவிட்டுக் கடிதத்தை உன் அப்பா பக்கம் தள்ளிவிட்டேன், பத்திர விஷயம்கூட அவர் சொல்லித்தான் தெரியும். ஆறு மாதமாக ஒரு பெண்ணை வெறுத்திருக்கிறேன், அவள் பெயர்கூடத் தெரியாமல்! தென்னையடியில் தூங்குவதாக நான் நினைத்த உன் அப்பா கண்ணைத் திறக்காமலே, "லியன்," என்றார். சைகோனம்மா அதை எனக்குச் சரியாகச் சொல்லிக் கொடுத்தாள். நான் சொன்னது அவளுக்குத் திருப்தியாகவில்லை. பத்துத் தடவை சொல்ல வைத்தாள், பதினோராவது தடவை சிரித்தாள். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

மறுநாள் காலையில் பீரங்கிக்குள் கையை விட்டு மூன்று முட்டை எடுத்துப் பொரித்துக் கொடுத்தாள். சவரிமுத்து ஊருக்குப் போயிருந்தவன் திரும்பினான். உன் அப்பாவும் அவனும் மட்டையைத் துப்பாக்கியாகத் தோளில் வைத்துக்கொண்டு மணலில் நடை போட்டார்கள், கிழட்டு வாத்துகள் இரண்டு. சாயங்காலம் படகில் ஏறும்போது நான் சைகோனம்மாவின் கையைப் பிடித்து, அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வா என்றேன். அவள் கையை விடுவித்துக்கொண்டு படகைத் தள்ளிவிட்டாள்.

ஆனால் வந்தாள், ஞாயிறு பூசைக்குப் பிறகு. பின்கட்டு வழியாக வருவாள் என்று சவரிமுத்து சொல்லியனுப்பியிருந்தான். நான் செருப்பைக்கூடப் போட்டுக்கொள்ளாமல் தெருமுனைவரை ஓடினேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, தெரேசம்மாள் வீட்டைத் தாண்டி, தெரு பார்க்க, நம் முன்வாசல் வழியாக அழைத்து வந்தேன். எத்தனை சன்னல் திறந்தது என்று நான் எண்ணவில்லை. எதிர்வீட்டு மதாம் மட்டும் வாய்விட்டுக் கேட்டாள், யார் இது என்று. "நம்ம தெரேசக்கா மருமவ. பத்து வருசம் லேட்டா வருது, அது எங்க தப்பு," என்றேன். ஆட்டுக்கறி வறுவல் செய்திருந்தேன், அன்றைக்குக் கிழமை பார்த்துத்தான். அதிலும் அவள் தன் உப்புத் தண்ணீரை ஊற்றிக்கொண்டாள். என்ன செய்வது, ஊற்றட்டும்.

திங்கட்கிழமை நொத்தேரிடம் போய் இருவரும் கையெழுத்துப் போட்டோம். பத்திரம் இதே உறையில் இருக்கிறது, பத்திரமாக எடு. நொத்தேர் லியன் பெயரைத் தப்பாக வாசித்தார். நான் திருத்தினேன். அவர் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார்.

இனிக் கொஞ்சம் புத்தி சொல்கிறேன், அம்மா என்றால் சொல்லத்தான் செய்வேன். கோபத்தில் எழுதிய கடிதத்தை அன்றைக்கே தபாலில் போடாதே, நானும் போட்டேன், நீயும் போட்டாய், இரண்டு பேருக்கும் அது நல்லதாக முடியவில்லை. லியன் சமைத்ததைக் குறை சொல்வதென்றால் முழுதாகத் தின்றுவிட்டுச் சொல். அவளிடம் கேட்க வேண்டியதை அவளிடமே கேள், இன்னொருத்தர் வாயால் கேட்காதே. உன் அப்பா சண்டையிலிருந்து திரும்பிய நாள் உனக்கு நினைவிருக்காது, உனக்கு ஐந்து வயது. தாடியும் ஒட்டிய கன்னமுமாக வாசலில் நின்றவரை யாரோ பிச்சைக்காரன் என்று நினைத்துக் கதவைச் சாத்திவிட்டேன். அவர் கோபப்படவில்லை. நான் திரும்பத் திறக்கும்வரை படியிலேயே உட்கார்ந்திருந்தார். அன்றும் அப்படித்தான், இந்த ஒரு மாதமும் அப்படித்தான். என்னைக் காட்டிக் கொடுத்து உனக்கு ஒரு வரி அவர் எழுதியிருக்கலாம், வியர்த்தாலும் எழுதியிருக்கலாம். எழுதவில்லை. அம்மா மேல் பிள்ளைக்கு மனசு விட்டுப்போகக்கூடாது என்றாராம், சவரிமுத்து சொன்னான்.

கல்யாணம் முடிந்து முதல் கப்பலில் இரண்டு பேரும் வாருங்கள். அதற்கு முன் ஒரு காரியம் செய். இந்தக் கடிதத்துக்கு எனக்குப் பதில் போடாதே. என் மேல் உனக்குக் கோபம் இருந்தால் இருக்கட்டும், வந்து நேரில் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். கடிதத்தை உன் அப்பா பேருக்குப் போடு. எழுதத்தான் அவருக்கு முடியாது, படிக்க முடியும். பெரிதாக ஒன்றும் எழுத வேண்டாம். மேலே 'அன்புள்ள அப்பா' என்று மட்டும் இருந்தால் போதும். அதற்காகத்தான் தினமும் தபால்காரன் வரும் நேரத்துக்கு, வேறு ஏதோ வேலை இருப்பதுபோல, வாசலில் போய் நின்றுகொண்டிருக்கிறார்.

உன் அம்மா